பின்சீற்றில் ஒன்பது வருஷம்

ஏப்ரல் பாதி கடந்தும் டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் குளிர் விட்டபாடில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்தோனிதாசன் காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, செலீனா இரண்டு கைகளிலும் பைகளோடு மாடிப்படி இறங்கி வந்தாள். ஒரு பையில் இடியப்பமும் சம்பலும். மற்றதில் நேற்று மத்தியானம் முழுக்க நின்று சுற்றிப் பொரித்த ரோல்ஸ். நீலச் சேலைக்கு மேலே முழங்கால்வரை தொங்கும் தடித்த ஜாக்கெட், காலில் கம்பளிச் சொக்ஸும் வெள்ளைச் சப்பாத்தும். செரிப்பூ மரத்தடியில் படம் எடுக்கவேண்டும், அம்மா கட்டாயம் சேலை கட்டவேண்டும் என்று மகள் ஸ்ரெபானி தலைநகருக்குப் பக்கத்து இஷொயிலிருந்து கட்டளை போட்டிருந்தாள். சேலைக்கும் அந்தச் சப்பாத்துக்கும் பொருந்தாது என்று செலீனாவுக்கும் தெரியும். ஆனால் இந்தக் குளிரில் செருப்புப் போட அவளுக்கு என்ன விசரா.

முன்கதவைத் திறந்து இரண்டு பைகளையும் சாரதிக்குப் பக்கத்துச் சீற்றில் வைத்தாள். பெல்ற்றை இழுத்துப் பைகளுக்குக் குறுக்கே மாட்டினாள். மாட்டாவிட்டால் கார் கீக்கீ என்று கத்தி மானத்தை வாங்கும். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து, வழக்கமான இடத்தில், பைகளுக்கு நேர்பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஒன்பது வருஷமாக இதுதான் ஒழுங்கு. இடியப்பம் முன்னால் ராசா மாதிரி இருக்கும், செலீனா பின்னால் இருப்பாள்.

அவளுடைய புருஷன் மைக்கல் இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அப்போது மைக்கலுடைய காரில் மைக்கலுக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள். அந்தோனிதாசன் பின்னால் ஸ்ரெபானியோடு இருந்து மிட்டாய் சாப்பிட்டார். மைக்கல் மாரடைப்பில் போய், முப்பத்தோராம் நாள் பூசைக்கு இவர் தன் காரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தியபோது, செலீனா ஒரு கணம் காருக்கு முன்னால் நின்றாள். எதிர்ப்பக்க மாடியில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள், கீழே ஒன்று. அவள் பின்கதவைத் திறந்தாள். அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிறு பூசை, மாத முதல் ஞாயிறு தமிழ்ப் பூசை, பல்வைத்தியர், கொம்யூன் என்கிற நகரசபை அலுவல், எல்லாவற்றுக்கும் அந்தப் பின்கதவுதான் திறந்தது. ஊரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லுகிறதற்கு இடம் எங்கே. கூடப்பிறக்காவிட்டாலும் அவர் ஸ்ரெபானியின் மாமா அல்லவா.

நாலு வருஷத்துக்கு முன் இந்தக் காரை வாங்கினபோது விற்றவன் ஒரு பொத்தானைக் காட்டினான். அமத்தினால் சீற் சூடாகும். முன்சீற் இரண்டுக்கும் மட்டும், பின்னால் இல்லை. தன் பக்கத்துப் பொத்தானை அந்தோனிதாசன் எல்லாப் பனிக்காலமும் அமத்தினார். மற்றது புத்தம்புதிதாக அப்படியே இருந்தது. முன்னுக்கு இருந்தால் சூடாயிருக்கும் என்று சொல்ல நாலு பனிக்காலமாக அவருக்கு வாய் வரவில்லை. சாதாரண வசனம்தான். ஒரு தமையன் தங்கச்சியிடம் சொல்லக்கூடிய வசனம். அவர் வாயால் சொன்னால் அது வேறாகக் கேட்டுவிடும் என்ற பயம்தான்.

நகரம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் செலீனா கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தாள். எங்கே போனாலும் முதல் அரை மணித்தியாலம் அதற்குத்தான். ஒவ்வொரு மணிக்கும் முதற்பாதியை அவள் சொல்ல, மறுபாதியை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் சொல்லுவார். அவள் தொடங்கி அவர் முடிக்கிற பேச்சு அது ஒன்றுதான். கடவுளுக்குச் சொல்லுகிற சொல்லில் இந்த நினைப்பு வரலாமா என்று முன்பெல்லாம் கூசினார். இப்போது கூச்சமும் பழகிவிட்டது. பின்பார்க்கிற கண்ணாடியில் அவளுடைய நெற்றியும் கண்ணும் மூக்கின் பாதியும் தெரிந்தன. ஒன்பது வருஷமாக அவர் பார்த்த முகம் அந்த அளவுதான், ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம்.

வியாழக்கிழமை மத்தியானம் ஸ்ரெபானி அவருடைய வேலை இடத்துக்கே தொலைபேசி எடுத்திருந்தாள். அந்தோனிதாசன் ஒரு பாடசாலையில் பெடெல். கதவு பூட்டித் திறப்பது, குழாய் பார்ப்பது, பிள்ளைகள் கூரைக்கு எறிந்த பந்துகளை எடுத்துக் கொடுப்பது. ஏணியில் நின்றபடிதான் பேசினார்.

"மாமா, ஜூன்ல எனக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகுது. அம்மா இங்க வந்து எங்களோடயே இருக்கட்டும். அறை எல்லாம் வெள்ளையடிச்சு வச்சிருக்கிறம். கேட்டா, பாப்பம் பாப்பம் எண்டு சொல்லுறா. நீங்க சொன்னா அம்மா கேப்பா."

"நான் சொல்லி..."

"நீங்கதானே அவவுக்கு அண்ணா. அங்க அவவுக்கு ஆர் இருக்கினம், மாமா? தனியத்தானே இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை வருவியள்தானே, பூ பாக்க. அப்ப சொல்லுங்கோ. எனக்கு முடிவு தெரியவேணும், அம்மா வராட்டி நான் பிள்ளைக்குக் காப்பகத்தில இப்பவே பெயர் குடுக்கவேணும்."

சரி பிள்ளை என்று சொல்லித்தான் போனை வைத்தார். ஸ்ரெபானியின் எந்தக் கேள்விக்கும் அவர் அதைத்தான் சொல்லிப் பழக்கம். ஏணியை விட்டு இறங்கிய பிறகுதான் அந்த ஒரு வசனம் உள்ளே போய்க் குத்தியது. அங்க அவவுக்கு ஆர் இருக்கினம்.

அவர் மாமன் ஆன கதை இப்படி. ஸ்ரெபானி பெரியபிள்ளையானபோது செலீனாவுக்குக் கூடப்பிறந்தவன் என்று இருந்தவர் மன்னாரில் யேசுரட்ணம் ஒருவர்தான். அவருக்கு விசா கிடைக்கவில்லை. மண்டபம் எடுத்தாயிற்று, முன்னூறு பேருக்குச் சொல்லியாயிற்று. தண்ணி வார்க்கிற அன்றைக்குத் தேங்காய் உடைக்க மாமன்காரன் இல்லை. மைக்கல் இவருடைய தோளில் கையைப் போட்டு, "நீதான்ரா மாமன், வேற ஆர்," என்றான். அகதி முகாமில் ஒரே அறையில் இருந்து ஒரே சட்டியில் சமைத்தவன் கேட்கிறான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, வியட்நாம்காரன் கடையில் வாங்கிய தேங்காயோடு நின்றார். மூன்றாம் அடிக்குத்தான் அது உடைந்தது. அதுவும் வீடியோவில் இருக்கிறது. மாமனுடைய சங்கிலியும் அவர்தான் போட்டார். ஏழு வருஷத்துக்கு முன் ஸ்ரெபானி ஜெசிந்தனைக் கல்யாணம் செய்தபோது, தகப்பன் இல்லாத பிள்ளையைக் கோயிலுக்குள் கைபிடித்து நடத்திக்கொண்டு போனதும் அவர்தான். பத்திரிகையிலேயே தாய்மாமன் என்று அச்சடித்திருந்தார்கள். தன்னைச் சுற்றித் தானே வேலி கட்டிவிட்டு உள்ளே நிற்கிறவனைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

கல்யாணம் அவருக்கு வராமலா இருந்தது. இரண்டு தங்கச்சிமாரின் காரியம் முடியட்டும் என்று இருந்தார்; அது முடியத் தலை பாதி நரைத்துவிட்டது. பிறகு ஊரில் பார்த்த ஒரு இடம் யுத்தத்தோடு போனது. அதற்குப் பிறகு மைக்கல் வீட்டுச் சோறும் ஸ்ரெபானியின் சிரிப்பும் போதும் என்று இருந்தார். மைக்கல் உயிரோடு இருந்தவரை செலீனாவைப் பற்றி ஒரு தப்பான நினைப்பு அவர் மனதில் வந்ததில்லை. அதை எந்தக் குருவானவருக்கு முன்னாலும் சொல்லுவார். இது எப்போது தொடங்கியது என்று கேட்டால் நாள் சொல்லத் தெரியாது. ஒரு மழைநாளில் பூசை முடிந்து வரும்போது பின்சீற்றில் அவள் தூங்கிவிட்டாள். வீடு வந்தும் எழுப்ப மனமில்லாமல் அரை மணித்தியாலம் ஊரைச் சுற்றி ஓட்டினார். அன்றைக்குத்தான் தனக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார்.

"சின்னப் பாலம் தாண்டியாச்சோ?" என்று பின்னாலிருந்து செலீனா கேட்டாள்.

"ஓம். இப்பதான்."

"நித்திரை வந்திட்டுது. தேத்தண்ணி ஊத்தட்டோ?"

பிளாஸ்கின் மூடியில் தேத்தண்ணி ஊற்றி முன்னால் நீட்டினாள். வாங்கும்போது விரல் படாமல் வாங்குகிற பழக்கம் இருவருக்கும் உண்டு. கடந்த ஒரு வருஷமாக இன்னொன்றையும் அவர் கவனித்து வந்தார். ஆட்கள் இருக்கிற இடத்தில் அவள் தாசன் அண்ணை, தாசன் அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். கோயில் வாசலில், கடையில், ஸ்ரெபானியோடு போனில், எல்லா இடத்திலும் அண்ணைதான். ஆனால் காரின் கதவு சாத்திய பிறகு அந்தச் சொல் வருவதில்லை. பெயரும் வருவதில்லை. ஆரையும் கூப்பிடாமல் சும்மா காற்றுக்குச் சொல்லுகிற மாதிரித்தான் பேசுவாள். இதைத் தான் ஒருவர்தான் கவனிக்கிறாரா, அவள் தெரிந்துதான் விடுகிறாளா, அதுதான் அவருக்கு விளங்கவில்லை. ஒரு சொல் இல்லாமல் போனதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னத்தைக் கட்டுவது.

பெரிய பாலத்தில் காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. இரண்டு பக்கமும் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவர் எப்போதும் இந்தப் பாலத்தில் லொறிகளை ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போவார்; இவர் ஓட்டிய நாட்களில் மைக்கல் அதற்காகவே ஏசுவான். இன்றைக்கும் முந்தினார். ஸ்ரெபானிக்காகச் சொல்லவேண்டிய வசனம் ஒன்று, தனக்காகச் சொல்ல நினைத்த வசனம் ஒன்று, இரண்டும் வாய்க்குள் கிடந்தன. போங்கோ. போகாதையுங்கோ. இரண்டும் ஒவ்வொரு சொல்தான். ஒன்றைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது, மற்றதைச் சொல்ல இல்லை.

கடற்கரையோரப் பூங்காவில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. வாசலில் ஸ்ரெபானி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். ஜெசிந்தன் கம்பளமும் மடக்குக் கதிரையும் சுமந்துகொண்டு வந்தான். ஐந்து வயது மிதுஷா ஓடிவந்து அம்மம்மாவின் ஜாக்கெட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். மரங்கள் இரண்டு வரிசையாக நின்றன. ஆனால் குளிர் செய்த வேலை, வெயில் படுகிற பக்கத்துக் கிளைகள்தான் பூத்திருந்தன. நிழல் பக்கத்தில் இன்னும் கருஞ்சிவப்பு மொட்டுகள் இறுக்கி மூடிக்கிடந்தன. அதற்கே சனம் திருவிழாவுக்கு வந்த மாதிரி நெருக்கியடித்தது. தொப்பியும் கையுறையும் போட்ட டெனிஷ்காரர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், நடுங்கிக்கொண்டு மெல்லிய சட்டையில் படத்துக்கு நிற்கிற பெட்டையள்.

"அடுத்த கிழமை வந்திருக்கவேணும். வானிலையில பிழையாச் சொல்லிப்போட்டாங்கள்," என்றான் ஜெசிந்தன், ஏதோ மரத்துக்குத் தான்தான் பொறுப்பு என்பது போல.

"இது காணும். எல்லாம் ஒரேயடியாப் பூத்தா ஒரேயடியாக் கொட்டிப்போடும்," என்றாள் செலீனா.

படம் எடுக்கிற படலம் தொடங்கியது. செலீனா ஜாக்கெட்டைக் கழற்றினாள். நீலச் சேலையும் வெள்ளைச் சப்பாத்துமாக மரத்தடியில் நின்று, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு சிறு கிளை அவளுடைய காதுக்குப் பக்கத்தில் தாழ்ந்து நின்றது. அந்தோனிதாசன் ஜாக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்று பார்த்தார். கண்ணாடியில் துண்டாகப் பார்த்த முகம், கழுத்தும் கையும் தோளுமாக முழுதாக நின்றது. ஐம்பத்தேழு வயது. கன்னத்தில் தழும்பு, முதியோர் இல்லத்துச் சமையலறையில் எண்ணெய் தெறித்தது. கையில் இருந்த ஜாக்கெட் இன்னும் அவளுடைய சூட்டோடு இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பதை அவர் கொஞ்சம் பிந்தித்தான் கண்டு, கைமடிப்புக்கு மாற்றினார்.

"மாமாவும் வாங்கோ, ஒரு குடும்பப் படம்," என்று ஸ்ரெபானி கூப்பிட்டாள். அவர் போய் ஓரத்தில் ஜெசிந்தனுக்குப் பக்கத்தில் நின்றார்.

கம்பளத்தில் இருந்து இடியப்பம் சாப்பிட்டார்கள். விரல் விறைத்து, சம்பலின் உறைப்பு மட்டும்தான் நாக்குக்குத் தெரிந்தது. மிதுஷா ஒரு ரோல்ஸைக் கடித்தபடி அவருடைய முகத்தைப் பார்த்து டெனிஷில் பேசத் தொடங்கினாள். பாலர் வகுப்பில் குடும்ப மரம் கீறச் சொல்லியிருக்கிறார்களாம். எல்லாருக்கும் இடம் பார்த்துவிட்டாளாம்.

"நீங்கள் மோர்மோருடைய அண்ணா. அதால உங்களை மோர்மோருக்குப் பக்கத்து இலையில வச்சிருக்கிறன்," என்றாள், அம்மம்மாவைச் சொல்லும் டெனிஷ்ச் சொல்லை இரண்டு தரம் அழுத்தி.

"ஓம், ராசாத்தி," என்றார் அந்தோனிதாசன் தமிழில். செலீனா இடியப்பச் சட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மூடி பொருந்தாமல் இரண்டு மூன்று தரம் திருப்பினாள்.

சாப்பாடு முடிந்ததும் ஸ்ரெபானி அவரை ஒரு பக்கம் இழுத்தாள். "இன்னும் சொல்லேல்லையோ மாமா? காரில மூண்டு மணித்தியாலம் என்ன செய்தனியள்?"

"செபமாலை சொன்னனாங்கள்."

அவள் சிரித்துவிட்டு, கோப்பி வாங்கிவரும் சாட்டில் இரண்டு பேரையும் அனுப்பிவைத்தாள். கோப்பிக் கடை மரவரிசையின் அந்தக் கரையில் இருந்தது. நடக்கிற பாதை முழுக்கச் சனம். சனத்துக்கு விலகி விலகி நடந்ததில் ஒரு கட்டத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அப்படி நடந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. கோயிலுக்குப் போனாலும் அவள் இரண்டடி பின்னால்தான் வருவாள். காற்று வீசி நாலைந்து இதழ்கள் பறந்தன. செலீனா நின்றாள்.

"ஸ்ரெபானி உங்களிட்ட என்னவோ சொல்லச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும். வியாழக்கிழமையே தெரியும்."

அவர் ஒரு தள்ளுவண்டிக்கு விலகி வழிவிட்டார்.

"அவள் சொல்லுறது எனக்கு விளங்குது. அறையும் பாத்தனான், நல்ல அறை. நான் உங்களைத்தான் கேக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

இதைவிட நேராக ஒருத்தி கேட்கமுடியாது. ஒன்பது வருஷம் அவர் காத்திருந்த வாசல் அது; அவளே திறந்துவிட்டு நிற்கிறாள். அவளுடைய கண்கள் அவருடைய முகத்திலேயே இருந்தன. அந்தோனிதாசன் வாயைத் திறந்தார். இருபது வருஷமாகத் தலைப்பாகையோடு அவருக்குள் நின்ற அந்த மாமன்காரன் முந்திக்கொண்டான்.

"போங்கோ," என்றார். "பேரப்பிள்ளையளோட இருக்கிறது நல்லதுதானே. இந்த வயசில பிள்ளையள்தான் பக்கத்தில இருக்கவேணும். அங்க தனிய இருந்து என்ன செய்யப்போறியள்?"

சொல்லி முடித்தபோது அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம். ஸ்ரெபானி போனில் சொன்னதையே தன் வாயால் ஒப்புவித்திருந்தார். நாக்கை அறுத்து அந்தக் கடலில் எறியலாம் போல இருந்தது.

செலீனா ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். "ஓம்," என்றாள். மறுபடி நடக்கத் தொடங்கினாள். இப்போது இரண்டடி முன்னால்.

கோப்பிக் கடை வரிசையில் நின்றபோது ஒரு தமிழ்ப் பெண் திரும்பிப் பார்த்து, செலீனா அக்காவோ என்றாள். ஸ்ரெபானியின் பக்கத்து வீட்டுக்காரி, கிறேஸ். போன வருஷம்தான் ஓகூஸிலிருந்து இஷொய்க்கு மாறி வந்தவளாம், பெந்தகொஸ்தே சபைக்காரி. நத்தார்ப் பண்டிகைக்கு ஸ்ரெபானி வீட்டில் செலீனாவைக் கண்டிருக்கிறாள். நல்ல வாயாடி. குளிரைப் பற்றி, பூ பிந்தினதைப் பற்றி, சபையில் நடக்கிற உபவாசக் கூட்டத்தைப் பற்றி ஒரே மூச்சில் சொன்னாள். நீங்கள் இஞ்ச வந்திட்டா எனக்கும் ஒரு துணை என்றாள். பிறகு அந்தோனிதாசனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவர் ஆர், உங்கட அண்ணையோ?"

அந்தோனிதாசன் வழக்கமான சிரிப்பை ஆயத்தம் செய்துகொண்டார். இந்தக் கேள்விக்கு எத்தனை மண்டபத்தில், எத்தனை கோயில் வாசலில் பதில் சொல்லியாயிற்று. ஓம் என்ற ஒரு சொல்லோடு முடிகிற காரியம்.

"இல்லை," என்றாள் செலீனா. "இவர் மைக்கலின்ர சிநேகிதர். பெயர் அந்தோனிதாசன்."

கிறேஸின் புருவம் கொஞ்சம் ஏறி இறங்கியது. அவள் வணக்கம் என்றாள். அவரும் வணக்கம் சொன்னார். கடைக்காரப் பெட்டை எத்தனை கோப்பி என்று இரண்டு தரம் கேட்டபிறகுதான் அவருக்குக் காது கேட்டது.

திரும்பி வரும்போது கையில் இருந்த கோப்பி தளும்பி விரலில் ஊற்றியது. சுட்டது தெரியவில்லை. முதலில் வந்தது நோவுதான். இருபது வருஷம் தேங்காய் உடைத்து, சங்கிலி போட்டு, கைபிடித்து நடத்தி, கடைசியில் புருஷனின் சிநேகிதன். போ என்று சொன்னதற்குத் தண்டனையோ. உறவை வெட்டிக் கையில் தந்துவிட்டாளோ. இருபது அடி நடந்தார். பிறகு அந்த இல்லை என்ற சொல் திரும்ப வந்து வேறுமாதிரிக் கேட்டது. ஓம் என்று சொல்லியிருக்கலாம், அதுதான் லேசு. கிறேஸ் பதிலையும் சேர்த்துத்தானே கேட்டாள். இவள் வேண்டுமென்று தள்ளிவிட்டு, அவருடைய முழுப்பெயரைச் சொன்னாள். அவள் வாயில் தன் முழுப்பெயரை, அண்ணை என்ற வால் இல்லாமல், அவர் இதற்குமுன் கேட்டதில்லை. இரண்டில் எது சரி என்று அவளுடைய முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜாக்கெட்டின் தொப்பியில் ஒரு இதழ் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டிவிடக் கை நீட்டி, கை முழுக்கக் கோப்பி இருந்ததால் விட்டுவிட்டார்.

நாலு மணிக்கு வெயில் போய்க் காற்று ஏறியது. எல்லாரும் கார் நிறுத்திய இடத்துக்கு வந்தார்கள். மிதுஷா அம்மம்மாவை விடமாட்டேன் என்று அழுதாள். ஸ்ரெபானி தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, முடிவு சொல்லாமப் போகேலாது. மாமா கதைச்சவர்தானே?"

"ஓம். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டார்."

"அப்ப?"

"நாளைக்கு எடுக்கிறன் பிள்ளை. குளிருக்க நிக்காத."

அந்தோனிதாசன் ஏறி இயந்திரத்தை உயிர்ப்பித்தார். வெறும் சட்டிகளோடு இடியப்பப் பையைக் காலையிலிருந்த ஒழுங்கிலேயே ஜெசிந்தன் முன்சீற்றில் வைத்து, மறக்காமல் பெல்ற்றும் போட்டிருந்தான். கண்ணாடியில் செலீனா காரின் பின்பக்கமாக வருவது தெரிந்தது. பின்கதவு திறந்தது. சாத்தவில்லை. அவள் ஏறவும் இல்லை. பிறகு முன்கதவு திறந்தது.

பெல்ற்றைக் கழற்றிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீற்றில் வைத்தாள். அதற்குக் குறுக்கே பெல்ற்றை இழுத்து மாட்டினாள். பின்கதவைச் சாத்தினாள். சேலைத் தலைப்பை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, முன்சீற்றில் ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள். கைகாட்டத் தூக்கிய ஸ்ரெபானியின் கை பாதியில் நின்றது. ஜெசிந்தன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். மிதுஷா மட்டும் கண்ணைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எடுங்கோ," என்றாள் செலீனா, முன்னால் பார்த்தபடி.

நகரத் தெருக்களில் விளக்குக்கு விளக்கு நின்று போனார்கள். செபமாலை கைப்பையைவிட்டு வெளியே வரவில்லை. அவள் இரண்டு கைகளையும் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாள், விரல்நுனி வெளிறியிருந்தது. சமிக்கை விளக்கொன்றில் நின்றபோது அந்தோனிதாசன் அந்தப் புத்தம்புதுப் பொத்தானைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கப் பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அவர் பொத்தானை அமத்திவிட்டுக் காரை எடுத்தார்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். செலீனா நெளிந்தாள். கீழே கையை வைத்துப் பார்த்தாள்.

"இதென்ன, சீற் சுடுது. ஏதும் பழுதோ?"

"இல்லை. சூடாக்கிற பொத்தான் ஒண்டு இருக்கு."

"இப்பதான் பூட்டினதோ?"

"இல்லை. கார் வாங்கின நாளிலயிருந்து இருக்கு."

அவள் பொத்தானைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நாலு பனிக்காலம் நான் பின்னால இருந்து விறைச்சுக்கொண்டு வந்தனான். ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

பதில் சொல்ல அவருக்கு ஒரு கிலோமீற்றர் பிடித்தது. "சொல்லத் தெரியேல்லை," என்றார். "இண்டைக்கும் அப்பிடித்தான். அங்க, மரத்தடியில. நான் சொன்னது நான் சொல்ல வந்ததில்லை."

செலீனா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயல்கள் ஓடின. ஒரு வயல் முழுக்க அன்னங்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் தோள் கொஞ்சம் அசைந்தது, சிரித்தாளோ, அழுதாளோ. ஒன்பது வருஷமாகக் கண்ணாடியில் பார்த்த முகம் இப்போது கையெட்டுகிற தூரத்தில் இருந்தது. பார்க்கத்தான் முடியவில்லை, ரோட்டைப் பார்க்கவேண்டியிருந்தது.

பெரிய பாலம் வந்தபோது மேற்கே முகில் கொஞ்சம் கிழிந்து, தண்ணீரில் ஒரு பட்டை வெளிச்சம் விழுந்திருந்தது. முன்னால் ஒரு லொறி அரக்கி அரக்கி ஏறியது. முந்துகிற பாதை வெறுமையாகக் கிடந்தது. அந்தோனிதாசன் வேகத்தைக் குறைத்து லொறிக்குப் பின்னாலேயே போனார். ஒவ்வொரு காராக அவர்களைத் தாண்டிப் போனது. பின்பார்க்கிற கண்ணாடியில் இடியப்பப் பை பெல்ற் போட்டபடி தனியே இருந்தது. பொத்தானில் சூட்டின் அளவைக் காட்டும் மூன்று சின்ன விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன; அவள் ஒன்றையும் குறைக்கவில்லை.